பிடியரிசிக் கலயமும் பாளை அருவாளும்



லெந்து நாட்கள் வந்தாலே நம் குழுவில் தீர்மானங்களும் வந்துவிடும். நாற்பது நாள் கறி மீன் தொடமாட்டேன் என்கிறார் ஒருவர். இரவு பத்து மணிக்கு மேல் கைப்பேசியைப் பார்க்கமாட்டேன் என்கிறார் இன்னொருவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபிப்பேன் என்று எழுதியவரை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும், மணி அடித்த பிறகும் வகுப்புக்கு வராத பையன். இந்தத் தடவை ஒரு மாணவி தனியாக எழுதிக் கேட்டாள்: "சார், வருஷா வருஷம் தொடங்குறேன். பத்தாம் நாள் விட்டுப்போகுது. எனக்கு விசுவாசம் குறைவா, இல்ல மன உறுதி குறைவா?"

ஒற்றை வரியில் பதில் போட மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்தது சரித்திரம்தான். அதனால் நம்மூர்ச் சரித்திரத்திலிருந்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். வாத்தியார் பதிவு அப்படித்தான் இருக்கும்.

நிலைத்து நிற்பது என்றதும் நம் பிரசங்கங்களில் பெரிய பெயர்கள் வரும். சிங்கக் கெபி வரும், இரத்த சாட்சிகள் வருவார்கள். இடையன்குடி ஆலயம் 1847இல் தொடங்கி 1880இல் பிரதிஷ்டையான கதை வரும். முப்பத்து மூன்று வருடம் ஒரு கட்டடத்தை விடாமல் கட்டினார் கால்டுவெல் ஐயர் என்று சொல்வோம். உண்மைதான், மதிக்கிறேன். ஆனால் அந்த முப்பத்து மூன்று வருடமும் மண் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் யார் என்று கேட்டால் ஒரு பெயரும் வராது. என் கண் எப்போதும் அந்தப் பெயரில்லாதவர்கள் பக்கம்தான் போகும்.

திருநெல்வேலி சபையின் தொடக்கமே ஒரு காத்திருப்புதான். தஞ்சாவூரிலிருந்து வந்த குளோரிந்தா அம்மாள் பிராமண விதவை. பாளையங்கோட்டையில் ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தவர், அவரிடமே கிறிஸ்தவ போதனையும் கேட்டவர். ஞானஸ்நானம் வேண்டும் என்று சுவார்ட்ஸ் ஐயரிடம் கேட்டபோது, திருமணமில்லாத அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி அவர் மறுத்துவிட்டார். மறுக்கப்பட்ட மனுஷி அதோடு போயிருக்கலாம். ஊரும் உறவும் ஏற்கெனவே கைவிட்டிருந்தன. இப்போது திருச்சபையும் கதவைச் சாத்திவிட்டது. அவர் போகவில்லை. அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778இல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது மறுபடி கேட்டுப் பெற்றுக்கொண்டார். இரண்டு வருடத்தில் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். 1785இல் அவர் முயற்சியால் எழுந்த ஆலயத்தைத்தான் இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறோம். கோட்டைக்குள் வெள்ளைக்கார அதிகாரிகள் எத்தனை பேர் இருந்தார்கள். நம் ஜனங்கள் வாயில் நின்றது அந்த அம்மாளின் பெயர்தான்.

அடுத்து வருவதுதான் நான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தது. பாடப்புத்தகத்தில் இது கிடையாது.

1799ஆம் வருடத்தை எல்லாருக்கும் தெரியும். அந்த அக்டோபரில் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். அதே வருடம், கயத்தாற்றுக்குத் தெற்கே வெகுதூரத்தில், சாத்தான்குளத்துப் பக்கத்துத் தேரிக்காட்டில் வேறொரு காரியம் நடந்தது. புதிதாகக் கிறிஸ்தவர்களானவர்களை ஊருக்குள் இருக்கவிடாமல் அடித்து விரட்டியபோது, தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் கொஞ்சம் நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார். முதல் ஊர் என்பதால் முதலூர் என்றே பெயர். பாளையக்காரர் சண்டை ஓய்ந்த 1802, 1803இல் கெரிக்கே ஐயரும் நம் நாட்டுக் குருவானவர் சத்தியநாதனும் கிராமம் கிராமமாகப் போக, ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். பிறகு நாசரேத்தும் உருவானது.

இதுவரை மகிழ்ச்சியான கதை. ஆனால் வருடங்களைக் கவனியுங்கள். 1798இல் சுவார்ட்ஸ் இறந்துவிட்டார். 1800இல் யேனிக்கே இறந்தார். ஞானஸ்நானம் கொடுத்த கெரிக்கே 1803இலேயே இறந்தார். ஐந்தாறு வருடத்துக்குள் மேய்ப்பர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். ஐரோப்பாவில் நெப்போலியன் போர். ஜெர்மனியிலிருந்து புது ஆள் வருவதும் அரிதாகிவிட்டது. ஆயிரக்கணக்கான புது விசுவாசிகள், பெரும்பாலும் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், தேரி மணலில் தனியாக நின்றார்கள். தெற்கே மயிலாடியில் இருந்த ரிங்கல்தௌபே ஐயர் சில காலம் எட்டிப் பார்த்துக்கொண்டார். அவருக்கே வேலை தலைக்கு மேல் இருந்தது. போதாததற்கு 1811இல் பெருங்காய்ச்சல் வந்தது. வீட்டுக்கு வீடு சாவு. பழைய தெய்வங்களின் கோபம் என்று ஊர் சொன்னது. பலர் திரும்பிப் போய்விட்டார்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த தாய் பழைய கோயில் வாசலில் போய் நின்றால், இருநூறு வருடம் கழித்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் யார் அவளைக் குறை சொல்ல?

1816இல் ஜேம்ஸ் ஹஃப் என்ற ஆங்கிலேயப் படைக் குருவானவர் பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வந்தார். பழைய சபை ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடினார். ஒன்றும் இருக்காது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். கணக்கெடுத்துப் பார்த்தால் மூவாயிரத்துக்கும் கூடுதலான பேர் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள்! முதலூரும் நாசரேத்தும் முழுக் கிராமங்களாகவே நின்றன. உபதேசியார்கள் தங்களுக்குத் தெரிந்த அளவில் ஜெபம் நடத்திக்கொண்டிருந்தார்கள். பத்து வருடத்துக்கு மேல் மேற்பார்வை இல்லை, பெரிதாகப் பணம் இல்லை, பாராட்ட ஆள் இல்லை. திரும்பிப் போனால் ஊரில் மரியாதைகூடக் கிடைத்திருக்கும். ரேனியஸ் ஐயர் வந்தது 1820இல். அவர் பெயரில் பாளையங்கோட்டையில் எத்தனையோ நினைவுகள் இருக்கின்றன, இருக்க வேண்டியதுதான். அவர் வந்து கட்டியது மணலின்மேல் அல்ல என்றால், அதற்குக் காரணம் அந்தப் பத்து வருடம் தாங்கிய ஜனங்கள்.

எப்படித் தாங்கினார்கள்? பெரிய வேதசாஸ்திர அறிவு இருந்ததா? இல்லை. நான் என் ஊகத்தைச் சொல்கிறேன். ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழே எழுதுங்கள். அவர்கள் தொழில் அவர்களுக்குப் பழக்கியிருந்தது.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்து சபைக்கு எழுதும்போது ஓட்டப்பந்தய வீரனையும் குத்துச்சண்டைக்காரனையும் உதாரணம் காட்டுகிறார். கொரிந்துக்குப் பக்கத்திலேயே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். அந்த ஊர்க்காரர்களுக்கு அது புரியும். நம் தேரிக்காட்டுக்கு எழுதியிருந்தால் பனையேறியைத்தான் காட்டியிருப்பார்.

இப்போது பட்டணத்தில் வளரும் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். பனையில் பதநீர் தானாக ஊறிக் கலயத்தில் விழாது. பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிசாகச் சீவிக் கலயம் கட்ட வேண்டும். மறுநாள் மறுபடி ஏறி இன்னும் ஒரு மெல்லிய சீவல். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஊறுவது நின்றுபோகும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவ மறந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். ஒரு ஆள் முப்பது நாற்பது மரம். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. மாசி பிறந்து சூடு ஏறத் தொடங்கினால் ஆடி வரை ஒவ்வொரு நாளும் இதே வேலை. காய்ச்சலோ, கல்யாண வீடோ, மனம் சரியில்லையோ, மரத்துக்குத் தெரியாது.

என் தாத்தா பனையேறி. அவர் நெஞ்சில் மரம் உராய்ந்த காய்ப்பு, உள்ளங்கையைத் தொட்டால் கல்லைத் தொட்டது போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் பாளைக்கு ஓய்வு கிடையாது. ஓய்வுநாள் கட்டளையை எண்ணி அவர் கவலைப்பட்டதுண்டு. ஆகவே மூன்று மணிக்கு இருட்டிலேயே தளைநாரும் அருவாப்பெட்டியும் எடுத்துக்கொண்டு போவார். இரண்டாம் மணி அடிக்கும்போது குளித்து வேட்டி மாற்றி ஆலயத்தில் ஆண்கள் பக்கம் தூணோரம் உட்கார்ந்திருப்பார். பிரசங்கத்தில் பாதி நேரம் தூங்குவார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் ஆச்சி பெண்கள் பக்கத்திலிருந்து முறைப்பாள். எனக்கு அந்தத் தூக்கமே ஒரு ஜெபமாகத் தோன்றியதுண்டு.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், பனையேறி மாசியில் "ஆடி வரை ஏறுவேன்" என்று தீர்மானம் போடுவதில்லை. இன்றைக்கு ஒரு மெல்லிய சீவல். கேள்வி கேட்ட பிள்ளை இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கட்டும்.

ஆண்களுக்குப் பாளை அருவாள் என்றால் பெண்களுக்குப் பிடியரிசிக் கலயம்.

தாமிரபரணி பாயும் பக்கத்துக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு ஆறு, கால்வாய், குளம், இரண்டு போகம் நெல். பாளையங்கோட்டையிலிருந்து தெற்கேயும் கிழக்கேயும் போனால் அந்தப் பச்சை முடிந்து சிவப்பு மணல் தொடங்கும். அங்கே அந்தக் காலத்தில் நெல்லுச்சோறு தினப்படி சாப்பாடு அல்ல. கம்பும் கேப்பையும் கூழும்தான். பதநீர்க் காலத்தில் பதநீரும் கருப்பட்டியுமே பாதிச் சாப்பாடு. அரிசி விலைக்கு வாங்கும் பொருள். அந்த வீடுகளில்தான் அடுப்பங்கரை மூலையில் ஒரு சின்னக் கலயமோ ஓலைப்பெட்டியோ தனியாக இருக்கும். உலையில் போட அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அந்தக் கலயத்தில் போட வேண்டும். அது கர்த்தருடையது. வீட்டில் எவ்வளவு முடை இருந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. அரிசி பொங்காத நாளில் ஒரு பிடி கம்பு. மாதத்துக்கொருமுறை ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் குவிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். பணம் சபை ஊழியத்துக்கும் மிஷனுக்கும் போகும்.

"மொதல்ல கலயத்துல போடு, பெறவு ஒலையில போடு" என்பாள் என் ஆச்சி. சாப்பிட்டு மீந்ததைக் கொடுக்கக் கூடாது. பசிக்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டும். நம் தமிழ் வேதத்தில் ஆவியின் கனிகளைச் சொல்லும் இடத்தில் கடைசியாக இச்சையடக்கம் என்று ஒரு சொல் வரும். பிரசங்கிமார் அதை இளைஞர் கூட்டத்தில் மட்டும், அதுவும் ஒரே ஒரு பொருளில்தான் பேசுவார்கள். ஆச்சிக்கு அந்தச் சொல்லின் பொருள் ஒரு பிடி அளவு. எட்டுப் பேர் சாப்பிடும் வீட்டில் ஒரு பிடி குறைந்தால் கடைசியாகச் சாப்பிடுகிறவளுக்குத்தான் குறையும். கடைசியாகச் சாப்பிடுகிறவள் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

இது நம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும் சொந்தமான பழக்கம் என்று பெருமை பேசவும் வேண்டாம். காஞ்சி சங்கர மடத்துப் பெரியவர் பிடி அரிசித் திட்டம் என்றே ஒன்றைத் தமிழ்நாடு முழுவதும் வலியுறுத்தினார். கொடுக்கிற கை தமிழருக்குப் பொதுக் கை. வடகிழக்கே மிசோரத்தில் 1910இல் தொடங்கிய இதே கைப்பிடி அரிசிக் காணிக்கை இன்றும் அந்தச் சபைகளைத் தாங்கி நிற்கிறது.

கணக்கு வாத்தியார் இல்லாவிட்டாலும் ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு பிடி அரிசி ஐம்பது கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 18 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நூறு வீடுள்ள ஒரு கிராமத்தில் 1,800 கிலோவைத் தாண்டும். பணக்காரர் ஒருவரும் இல்லாத ஊரிலிருந்து வருடத்துக்குப் பதினெட்டு குவிண்டால். ஒரே நாளில் ஒரு மூட்டை கொடு என்றால் அந்த வீடுகளில் யாராலும் முடியாது.

இந்தக் கணக்கு எங்கே போய் முடிந்தது என்று பார்ப்போம்.

வெள்ளைக்காரர் பணமும் அதிகாரமும் இல்லாமல் நம் ஜனங்கள் தங்கள் சபையைத் தாங்களே நடத்த முடியும் என்று முதலில் உரக்கச் சொன்னவர் சட்டாம்பிள்ளை என்ற அருமைநாயகம். மிஷனரிகளோடு மோதி, நாசரேத்துப் பக்கத்தில் பிரகாசபுரத்தில் 1857இல் இந்து கிறிஸ்தவ சபையை ஏற்படுத்தினார். நம் ஜனங்களைப் பற்றிக் கால்டுவெல் 1849இல் எழுதிய சிறு புத்தகம் மனதைப் புண்படுத்தியதற்கும் இதில் பங்கு உண்டு. கால்டுவெல்லை எவ்வளவு மதித்தாலும் அந்தப் புத்தகத்துக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். சட்டாம்பிள்ளை போன வழி எல்லாவற்றையும் நான் ஏற்பவனல்ல. ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. அந்தக் கேள்விக்குத் திருநெல்வேலி சபைக்குள்ளிருந்து பதில் வர இன்னும் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனது.

பதில் சொன்னவர் வெள்ளாளன்விளைக்காரர். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874இல் பிறந்தார். தகப்பனார் தாமஸ் வேதநாயகம் கிராமத்துக் குருவானவர். மெஞ்ஞானபுரத்திலும் பாளையங்கோட்டையிலும் படித்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போய், இருபத்தொன்று வயதில் வாலிபர் கிறிஸ்தவ சங்கமாகிய ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராகி ஊர் ஊராகச் சுற்றினார். 1902இல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள், எண்ணிக்கையில் நம்மைவிட மிகக் குறைந்தவர்கள், தங்கள் சொந்தக் காணிக்கையில் கடல் தாண்டி நம் பக்கத்துத் தொண்டிக் கரைக்கு ஊழியர்களை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாளையங்கோட்டையில் கிறிஸ்தவம் வந்து நூற்றிருபது வருடம் தாண்டிவிட்டது. தன் பணத்தில், தன் ஆளை, வேறு பாஷை பேசும் ஜனங்களிடம் திருநெல்வேலி சபை அனுப்பியிருக்கவில்லை. அசரியாவுக்கு அது உறைத்தது.

1903 பிப்ரவரி 12. பாளையங்கோட்டையில் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. ஆள் இந்திய ஆள், பணம் இந்தியப் பணம், நிர்வாகம் இந்திய நிர்வாகம். இந்த மூன்றில் நடுவில் உள்ளதுதான் கஷ்டம். அன்றைய திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் பனையேறிகள், கூலி விவசாயிகள், உபதேசியார்கள், வாத்தியார்கள். ஜமீன்தார் யாரும் காசோலை எழுதிக் கொடுக்கவில்லை. பிடியரிசியும் கருப்பட்டியும் முட்டையும் ஓரணா இரண்டணாவுமாகச் சேர்ந்த காசுதான். மறு வருடமே சாமுவேல் பாக்கியநாதன் முதல் மிஷனரியாகப் புறப்பட்டார். போன இடம் தோர்ணக்கல், நிஜாம் ராஜ்யத்தில், இன்றைய தெலங்கானாவில். தெலுங்கு தேசம். பாஷை தெரியாது. அவர் ஒரு வருடம் இருந்துவிட்டு வருகிற பயணி அல்ல. மாதாமாதம் சம்பளம் போக வேண்டும். ஒரு மாதம் இங்கே கலயம் காலியானால் அங்கே அடுப்பு எரியாது. மனம் வந்த மாதம் கொடுத்து, வராத மாதம் விடுகிற உற்சாகத்தில் இந்தக் காரியம் நடந்திருக்காது.

1909இல் அசரியா தாமே புறப்பட்டார். அகில இந்திய அளவில் பெயர் பெற்றிருந்தார். 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கியதிலும் முன்னால் நின்றவர். அதையெல்லாம் விட்டு, முப்பத்தைந்து வயதில் குருப்பட்டம் பெற்று, மனைவி அன்பு அம்மாளோடு தோர்ணக்கலில் கூடாரத்தில் குடியேறித் தெலுங்கு படிக்கத் தொடங்கினார். மறு வருடம் ஸ்காட்லாந்தில் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், ஐரோப்பியரிடம் நேருக்கு நேர், உங்கள் தியாகம் எல்லாம் சரி, எங்களுக்கு நண்பர்களாக இருங்கள் என்ற பொருளில் பேசினார். பலருக்கு அது கசந்தது. 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் முதல் இந்தியப் பேராயர், வெள்ளாளன்விளைக் குருவானவர் மகன்!

பேராயர் ஆனதோடு கதை முடிந்துவிடுகிறது, பெரும்பாலான சிறு நூல்களில். எனக்கோ அதற்குப் பிந்தைய முப்பத்திரண்டு வருடம்தான் பெரிது. மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். அவரிடம் வந்த ஜனங்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா மக்கள். ஊர்க் கிணற்றுக்குப் பக்கத்தில்கூட வர விடப்படாதவர்கள். அவர்களிடமும் அவர் பிடியரிசிதான் சொல்லிக் கொடுத்தார். சிலர் கேட்டார்கள், இவ்வளவு ஏழைகளிடம் போய் காணிக்கை கேட்கலாமா என்று. எனக்கும் இளவயதில் அந்தக் கேள்வி இருந்தது. அசரியா கொடுப்பதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். கேட்காமல் விடுவதுதான் அவமானம் என்பது அவர் எண்ணம். வாங்கியே பழக்கப்பட்ட கை கொடுக்கத் தொடங்கும்போது அந்த மனுஷன் நிமிர்கிறான். தன் தாய்வீட்டு ஜனங்கள் தேரிக்காட்டில் அப்படித்தான் நிமிர்ந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

தோர்ணக்கல் பேராலயத்தைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் போய்ப் பாருங்கள். மசூதிக் கும்மட்டமும் கோயில் தூணுமாக இருக்கும். யுத்தமும் பணமுடையும் குறுக்கே வந்து இழுத்து இழுத்து, 1939இல்தான் பிரதிஷ்டையானது.

இன்னொன்று. 1919இல் தரங்கம்பாடியில் சில இந்தியக் குருமார் கூடி, இங்கிலாந்தில் பிரிந்த பிரிவுகளை நாம் ஏன் சுமக்க வேண்டும், தென்னிந்தியாவில் ஒரே திருச்சபை ஆகலாம் என்று அறிக்கை விட்டார்கள். முன்னால் நின்றவர் அசரியா. அதன் பிறகு கமிட்டி, கமிட்டி, கமிட்டி. ஒரு சொல்லுக்காக வருடக்கணக்கில் வாதம். பேராயர் பட்டம் எப்படி, திருவிருந்தை யார் நடத்தலாம் என்று பேசிப் பேசி, அநேகர் சலித்து விலகினார்கள். அவர் விலகவில்லை. இருபத்தைந்து வருடம் அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்தார். (ஓய்வுபெறுகிற வரை ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பாம்புக்கடி இதைவிடத் தேவலை.) 1945 ஜனவரி 1ஆம் தேதி தோர்ணக்கலில் இறந்துபோனார். தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் பிறந்தது. இரண்டே முக்கால் வருடம்! நம் ஆலய வாசல்களில் இன்று சி.எஸ்.ஐ. என்று எழுதியிருக்கிறதே, அதை அவர் பார்க்கவில்லை.

இனி இன்றைய சங்கதி. நம் சபைகளில் பிடியரிசிக் காணிக்கை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. ஆனால் கலயம் போய்விட்டது. மாதக் கடைசியில் கடையிலிருந்து ஒரு கிலோ பொட்டலம் வாங்கி வந்து வைக்கிறோம், அல்லது கவரில் நூறு ரூபாய். சில இடங்களில் கைப்பேசியில் அனுப்ப வசதி வந்துவிட்டது. சபைக் கணக்குக்கு நஷ்டம் ஒன்றுமில்லை, சொல்லப்போனால் லாபம். ஒரு குருவானவர் என்னிடம் கேட்டார்: "சார், அளவு கூடியிருக்கே, அப்புறம் என்ன வருத்தம்?" அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். முன்பு வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து தடவை ஒரு கை அந்தக் கலயத்துக்குள் போய் வந்தது. இப்போது பன்னிரண்டு தடவை. அரிசி கூடியிருக்கிறது, கை குறைந்துவிட்டது. ரேஷன் அரிசி வந்து பசி தீர்ந்த காலத்தில் நாம் இருக்கிறோம், அதற்காகக் கர்த்தருக்கு நன்றி. பசி தீர்ந்ததற்காக அந்தக் கைப்பழக்கம் போக வேண்டியதில்லை என்பதே என் வாதம்.

கட்டுப்பாடு என்ற பெயரில் நம் கிறிஸ்தவக் கிராமங்களில் நடந்த எல்லாவற்றையும் நான் புகழ்கிறேன் என்றும் நினைக்க வேண்டாம். ஆலயத்துக்கு வராதவனுக்கு அபராதம், சபை விலக்கு, ஊர் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பது, எல்லாம் இருந்தது. கண்காணிக்கும் ஆள் போனதும் அந்தக் கட்டுப்பாடும் போய்விட்டது. 1806க்கும் 1816க்கும் நடுவில் அபராதம் போட யாரும் இல்லை. அடுப்பங்கரைக் கலயத்தையும் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. ஒரு நாள் போடாவிட்டால் யாருக்கும் தெரியாது. போடாத நாளும் இருந்திருக்கும். மறுநாள் மறுபடி போட்டார்கள்.

ஆகவே, மகளே, பத்தாம் நாள் விட்டுப்போகிறது என்று எழுதினாயே, பதினோராம் நாள் என்ன செய்கிறாய் என்று நீ எழுதவில்லை. நான் கேட்பது அதைத்தான். நாலு மணி ஜெபம், நாற்பது நாள் உபவாசம் என்று மூட்டையாகத் தூக்காதே. உன்னால் இன்று எடுத்து வைக்க முடிகிற ஒரு பிடி எதுவோ, அதைப் பசிக்கு முன்னால் எடுத்து வை. பஸ்ஸில் போகும்போது ஒரு சங்கீதமாக இருக்கலாம்; சம்பளம் வந்த அன்றே தனியாக வைக்கும் ஐம்பது ரூபாயாக இருக்கலாம்; உன் மாமியாரிடம் பேசாமல் விட்ட ஒரு சுடுசொல்லாகவும் இருக்கலாம்.

என்னிடம் படித்த இன்னொரு பிள்ளை குவைத்தில் செவிலியராக இருக்கிறாள். அறையில் ஐந்து பேர் சேர்ந்து சமைக்கிறார்களாம், இரண்டு பேர் இந்து, ஒருவர் முஸ்லிம். ஊரிலிருந்து கொண்டுபோன ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தினமும் ஒரு பிடி போடுகிறார்கள். மாதக் கடைசியில் அந்த அளவு அரிசிக்குள்ள பணத்தைக் கணக்குப் பார்த்து அனுப்புகிறார்கள், இந்த மாதம் ஒருத்தி ஊருக்கு, அடுத்த மாதம் இன்னொருத்தி ஊருக்கு. டப்பா அரிசியை மறுபடி அவர்களே பொங்கிவிடுகிறார்கள். இதைக் கேட்டால் ஆச்சி என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம், இடையன்குடி, வெள்ளாளன்விளைப் பக்கத்துப் பிள்ளைகள் இந்தக் குழுவில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். வீட்டுப் பரணில் பழைய பிடியரிசிக் கலயமோ, ஓலைப்பெட்டியோ, தாத்தாவின் அருவாப்பெட்டியோ கிடந்தால் தூசி தட்டி ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். யார் வீட்டுடையது, யார் கை பட்டது என்று பெயரையும் எழுதுங்கள். எங்கள் வீட்டுக் கலயம் உடைந்துபோயிற்று. வாய்ப்பக்கத்துச் சில்லு மட்டும் என் மேசைமேல் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்